பழைய ஆர்டிஓஎஸ் கெர்னலை ரீஃபாக்டர் செய்தேன். டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனால் மோட்டார் உதறுகிறது

#1 மூலக்குறி

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டெக்ஸ்-எம் சிப்களுக்கான (சின்னக் கருவிகளுக்குள் இருக்கும் புராசஸர்கள்) ஒரு சின்னத் திறமூல ஆர்டிஓஎஸ்ஸை, அதாவது நேரம் தவறாமல் வேலைகளை ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை, பல வருடமாகப் பயன்படுத்தி வந்தேன். பெயர் இங்கே வேண்டாம். எழுதியவர் மெல்ல மெல்லப் பதில் போடுவதை நிறுத்தினார். நான் விடாமல் பேட்ச் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு வரி மெயில், கூடவே கமிட் உரிமை. அப்படித்தான் இந்தப் பாரம் என் தலையில் ஏறியது.

உள்ளே போய்ப் பார்த்தேன். பதினாலு வருடப் பழசு. கெர்னலின் மையம் முழுக்க ஒரே சி ஃபைல், 5,800 வரி. ஷெட்யூலர் (எந்த டாஸ்க் எப்போது ஓடும் என்று முடிவு செய்வது), மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்குக்கு மட்டும் திறக்கும் பூட்டு), கியூ, சாஃப்ட்வேர் டைமர், மெமரி ஒதுக்கீடு எல்லாம் அதற்குள்ளேயே. 11 சிப் குடும்பங்களுக்குப் போர்ட் (அந்தந்தச் சிப்புக்கேற்ற நிரல் பகுதி) இருக்கிறது. அதில் நாலுக்குத்தான் என்னிடம் ஹார்டுவேர் உண்டு. சிப்புக்குச் சிப் நிரலைப் பிரிக்கும் இஃப்டெஃப் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று விரல் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதம் உட்கார்ந்து ரீஃபாக்டர் செய்தேன், அதாவது நிரல் செய்யும் வேலையை மாற்றாமல் அமைப்பை மட்டும் மாற்றினேன். அந்த ஃபைலை ஆறாகப் பிரித்தேன். மேக்ரோக்களை ஃபங்ஷன் ஆக்கினேன், தேவையில்லாத வரிகளை எடுத்தேன், பெயர்களை ஒழுங்குபடுத்தினேன். லாஜிக்கில் கை வைக்கவே இல்லை. கியூஎமுவில் (சிப்பை மென்பொருளாகப் போலிசெய்யும் எமுலேட்டர்) ஓடும் 212 டெஸ்ட்டும் பாஸ். நிம்மதியாக வெளியிட்டேன்.

மூன்றே நாளில் இரண்டு புகார். ஒருவர் மோட்டார் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்துகிறார். 20 கிலோஹெர்ட்ஸ் லூப்பில் உதறல் வந்துவிட்டது, பழைய வெளியீட்டில் இது இல்லை என்கிறார். இன்னொருவர், வேறு சிப். கடிகாரம் வேகமாக ஓடுகிறது, மணிக்குச் சில விநாடி முந்திக்கொள்கிறது என்கிறார். இரண்டையும் என்னால் இங்கே வரவழைக்க முடியவில்லை. வெளியீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கேள்வி இரண்டு. லாஜிக் மாறாமலே இது எப்படி உடைந்தது? இன்னொன்றை மனசு விட்டுக் கேட்கிறேன்: இதை இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா, இல்லை எல்லாரையும் ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் போன்ற பெரிய ஆர்டிஓஎஸ்கள் பக்கம் போகச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தலாமா?

#2 பழைய_பைண்டர்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மன்னிக்கவும், முதலில் இதுதான் வாயில் வந்தது.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் டாஸ்க் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஷெட்யூலர் முழுக்க இன்றைக்கும் ஆயிரக்கணக்கான வரிகளாக ஒரே ஃபைலில்தான் இருக்கிறது. செமஃபோரும் (டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் சைகை) மியூடெக்ஸும் கியூவின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, அதுவும் கியூ ஃபைலுக்குள்ளேயே. மாறியின் பெயருக்கு முன்னால் வகையைச் சொல்லும் எழுத்தை ஒட்டும் பழங்காலப் பழக்கமும் அப்படியே இருக்கிறது. பார்க்க அழகில்லைதான், ஆனால் உலகம் முழுக்க ஓடுகிறது. ஃபைல் நீளமாக இருப்பது ஒரு நோய் இல்லை.

#3 குறுக்கீடு_47

சங்கு ஊதியாகிவிட்டது, இனி எங்கே ஓட்டை என்று பார்ப்போம்.

மோட்டார் புகாருக்கு என் ஊகம் இன்லைன். ஒரே ஃபைலில் இருந்தபோது, ஓடத் தயாராக இருப்பவற்றின் ரெடி லிஸ்ட்டில் டாஸ்க்கைச் சேர்க்கும் ஃபங்ஷன் ஸ்டாட்டிக், அதாவது அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரிவது. கூப்பிடும் இடத்திலேயே கம்பைலர் அதை விரித்து எழுதியிருக்கும். நீங்கள் பிரித்ததும் அது வேறு ஃபைலில் இருக்கும் சாதாரண ஃபங்ஷன் ஆகிவிட்டது. இது பாதிக் கதைதான். இப்போது ஓடும் டாஸ்க்கின் சுட்டி, ரெடி பிட்மேப் போன்றவையும் முன்பு ஸ்டாட்டிக்காக இருந்திருக்கும். வெளியே யாரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்ததால் கம்பைலர் அவற்றை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டது. இப்போது அவை எல்லாருக்கும் பொது. வெளி ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து மறுபடி எடுத்தாக வேண்டும். சிப் ஃபிளாஷில் வெயிட் ஸ்டேட் (மெமரிக்காகப் புராசஸர் காத்திருக்கும் சைக்கிள்) இருந்தால், தூரத்து முகவரிக்குத் தாவுவதற்குத் தனியாக ஒரு விலை.

இவ்வளவும் நடப்பது இண்டரப்ட்டை (ஹார்டுவேர் புராசஸரை உடனே கூப்பிடும் சைகை) மூடி வைத்திருக்கும் நேரத்தில். அதனால் மூடியிருக்கும் நேரம் நீண்டது. மோட்டார்காரரின் இண்டரப்ட் அந்த வாசலில் நின்று காத்திருக்கிறது. சராசரி நேரத்தைப் பார்த்தால் எதுவுமே தெரியாது. மிக மோசமான நேரத்தைப் பாருங்கள்.

பழைய பைனரி, புதிய பைனரி இரண்டையும் டிஸ்அசெம்பிள் செய்து, செமஃபோர் விடுவிக்கும் ஃபங்ஷனை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

#4 புதுசு_01

சின்னக் கேள்வி அண்ணா. 212 டெஸ்ட்டும் பாஸ் ஆனதே, ஒன்றில்கூட இது ஏன் மாட்டவில்லை?

#5 குறுக்கீடு_47

கியூஎமு சைக்கிள் எண்ணுவதில்லை. நிரல் சரியான வரிசையில் சரியான விடையைத் தருகிறதா என்பது மட்டும்தான் அதில் தெரியும். அது மிகவும் தேவை, நானும் அதில்தான் டெஸ்ட் ஓட்டுகிறேன். ஆனால் சிப்புக்குள் தகவல் போகும் பஸ்ஸில் ஏற்படும் தாமதம், ஃபிளாஷ் வெயிட் ஸ்டேட், டிஎம்ஏ (புராசஸர் தலையிடாமலே தகவலை நகர்த்தும் பகுதி) குறுக்கே வருவது எதுவும் அங்கே கிடையாது.

நேரத்தை அளக்க ஹார்டுவேர்தான் வேண்டும். கார்டெக்ஸ்-எம்3, அதற்கு மேல் உள்ளவற்றில் டிடபிள்யூடி என்ற பகுதியில் ஒரு சைக்கிள் கவுண்ட்டர் உண்டு. இண்டரப்ட்டை மூடிவைக்கும் கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் போகும்போது அதைப் படித்து, வெளியே வரும்போது மறுபடி படித்து, வித்தியாசத்தின் உச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எம்0இல் அந்தக் கவுண்ட்டர் கிடையாது. அங்கே இண்டரப்ட் வந்ததும் ஒரு பின்னை உயர்த்தி, டாஸ்க் எழுந்ததும் இறக்கி, லாஜிக் அனலைசரில் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹிஸ்டோகிராம் போட்டால் வலது ஓரத்தில் தனியாக நிற்கும் இரண்டு மூன்று புள்ளிகள் தெரியும். விஷயமே அவைதான்.

#6 டிக்_எண்ணி

பைண்டர் சாரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கெர்னலைப் புரட்டிப் போட்டும் நன்றாக வந்தவர்கள் உண்டு.

செஃபிர் 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்கு வந்தபோது அதற்குள் இரண்டு கெர்னல் இருந்தன, நானோ ஒன்று, மைக்ரோ ஒன்று. ஒன்றில் ஃபைபர், இன்னொன்றில் டாஸ்க். ஒரே செமஃபோருக்கு இரண்டு விதமான ஏபிஐ. அதே வருடம் 1.6 வெளியீட்டில் இரண்டையும் ஒரே கெர்னலாக்கினார்கள். அது வெறும் அழகுக்காகச் செய்த வேலை இல்லை. பயன்படுத்துகிறவன் ஒவ்வொரு நாளும் குழம்பிக்கொண்டிருந்தான்.

அப்புறம் 2020இல் டைம்அவுட். அதுவரை 100 என்று வெறும் எண்ணைக் கொடுத்தால் போதும், அது மில்லிவிநாடி. சிலர் டிக் (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) என்று நினைத்துக் கொடுப்பார்கள். கம்பைலர் வாயே திறக்காது. அதைத் தனி வகையாக மாற்றினார்கள். வெறும் எண்ணைக் கொடுத்தால் இப்போது கம்பைலே ஆகாது. பழைய முறை வேண்டும் என்பவர்களுக்குச் சில வெளியீடுகள் வரை ஒரு கான்ஃபிக் சுவிட்ச்சும் வைத்திருந்தார்கள். மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: உடைந்தால் கம்பைல் நேரத்தில் சத்தமாக உடைய வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு வாடிக்கையாளரிடம் போய் உடையக் கூடாது.

#7 பழைய_பைண்டர்

அது சரி. செஃபிருக்குப் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் பொறியாளர்கள் ஒரு படையே இருக்கிறார்கள். இவர் தனி ஆள்.

நான் பயப்படுவது வேறு. பழைய கெர்னலில் அசிங்கமாகத் தெரியும் பல வரிகள் வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டவை. ஃப்ரீஆர்டிஓஎஸ் மியூடெக்ஸில் ஒன்று உண்டு. கடன் வாங்கிய முன்னுரிமையை, டாஸ்க் தன் கையிலிருக்கும் எல்லா மியூடெக்ஸையும் விட்ட பிறகுதான் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொன்றை விடும்போதும் சரியாகக் கணக்குப் போட்டு இறக்குவது அழகாக இருக்கும்தான். ஆனால் அதற்கு எந்த மியூடெக்ஸில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று லிஸ்ட் முழுக்க நடக்க வேண்டும். அந்த நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எளிமையான வழியே போதும் என்று விட்டார்கள். புதிதாக வருகிறவர் இதைப் பிழை என்று நினைத்துத் "திருத்துவார்". நான் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் திருத்தியும் இருக்கிறேன்.

மூலக்குறி, "தேவையில்லாத வரிகளை எடுத்தேன்" என்று போகிற போக்கில் சொன்னீர்களே. என்னென்ன எடுத்தீர்கள்? கடிகாரப் புகார் வந்த சிப்பில் டிக் எதிலிருந்து வருகிறது?

#8 மூலக்குறி

குறுக்கீடு, நீங்கள் சொன்னது அப்படியே சரி. டிடபிள்யூடி வைத்து அளந்தேன். இண்டரப்ட் மூடியிருக்கும் உச்ச நேரம் பழைய வெளியீட்டில் 190 சைக்கிள், என்னுடையதில் 310. சராசரி வெறும் 6 சைக்கிள்தான் கூடியிருக்கிறது. சிப் 72 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒன்றரை மைக்ரோவிநாடிக்கு மேல் கூடுதல் உதறல். 50 மைக்ரோவிநாடி லூப்பில் கரன்ட்டை எப்போது சாம்பிள் எடுக்க வேண்டுமோ அந்தப் புள்ளியே நகர்ந்துவிடுகிறது.

பைண்டர் சார், அந்தச் சிப்பில் டிக் தருவது சிஸ்டிக் (கார்டெக்ஸ்-எம்முக்குள்ளேயே இருக்கும் டைமர்) இல்லை, ஒரு பெரிஃபெரல் டைமர். சிப்பின் ஆழ்ந்த தூக்கத்தில் சிஸ்டிக் நின்றுவிடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். எடுத்த வரிகளின் பட்டியலைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

#9 அடுக்குவழிவு

தேடும்போது டிக் இண்டரப்ட்டின் கடைசி வரியை முதலில் பாருங்கள். டைமரின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, படித்ததை எதற்கும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு வரி இருந்ததா?

#10 மூலக்குறி

இருந்தது! பக்கத்தில் "எடுக்காதே" என்று மட்டும் கமெண்ட். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தால் "முதல் இறக்குமதி" என்ற கமிட்டில் போய் முட்டுகிறது. பழைய ரெப்போவிலிருந்து கிட்டுக்கு மாறியபோது வரலாற்றையே கொண்டுவரவில்லை. படித்துவிட்டுத் தூக்கிப் போடும் வரிதானே என்று எடுத்துவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

#11 அடுக்குவழிவு

நானும் ஒரு முறை அதே வரியை எடுத்திருக்கிறேன், அதனால்தான்.

இண்டரப்ட்டின் முடிவில் டைமரின் ஃபிளாக்கை அழிக்க ஒரு ரெஜிஸ்டரில் எழுதுகிறோம். அந்த எழுத்து உடனே டைமருக்குப் போய்ச் சேராது. ரைட் பஃபர், பஸ் பிரிட்ஜ் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். அதற்குள் புராசஸர் இண்டரப்ட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இண்டரப்ட் கண்ட்ரோலர் பார்க்கும்போது டைமரின் கோடு இன்னும் உயர்ந்தே இருக்கிறது. சரி, இன்னொரு இண்டரப்ட் போலிருக்கிறது என்று அதே ஃபங்ஷனை இரண்டாம் முறை ஓட்டுகிறது. ஒரு டிக் இரண்டாக எண்ணப்படுகிறது. எழுதிய ரெஜிஸ்டரையே திரும்பப் படித்தால், எழுத்து போய்ச் சேரும் வரை புராசஸர் காத்தாக வேண்டும். அந்த "பயனில்லாத" வாசிப்பு அதற்காகத்தான்.

எப்போதும் நடக்காது. டிஎம்ஏ பஸ்ஸை அடைத்துக்கொண்டிருக்கும் தருணத்தில் மட்டும் நடக்கும். ஒரு மில்லிவிநாடி டிக் என்றால் மணிக்கு 36 லட்சம் டிக். அதில் சில ஆயிரம் இரட்டித்தாலே சில விநாடி முந்திவிடும். உங்கள் மேசையில் டிஎம்ஏ ஓடாததால் உங்களுக்கு வரவில்லை.

ஃபிளாக் அழிப்பதை இண்டரப்ட்டின் முதல் வரியாகவும் மாற்றலாம். வேலை முடிவதற்குள் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். நான் இரண்டையும் செய்வேன். கமெண்ட்டில் "எடுக்காதே" என்று மட்டும் எழுதினால் நம்மைப் போல ஒருவன் வந்து எடுத்துத்தான் போடுவான். ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள்.

#12 பழைய_பைண்டர்

இதைத்தான் சொன்னேன்.

#13 டிக்_எண்ணி

இல்லை சார், இதுவே என் பக்கத்து வாதமும்கூட. காரணம் எழுதாமல் பதினாலு வருடம் பூட்டி வைத்ததால்தான் இந்தக் கதி. யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் அந்த மூன்று வரி கமெண்ட் எப்போதோ வந்திருக்கும்.

#14 குறுக்கீடு_47

நீங்கள் இருவரும் இன்னொரு இழையில் சண்டை போடுங்கள். மூலக்குறிக்கு வேலை சொல்கிறேன்.

முதலில், பெயர் மாற்றம், ஃபார்மேட், வரிகளை இடம் மாற்றுவது எல்லாவற்றையும் தனித் தனி கமிட்டாக வையுங்கள். அந்தக் கமிட்களுக்கு விதி ஒன்றுதான்: முன்னும் பின்னும் கம்பைல் செய்த பைனரி பைட் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டவே தேவையில்லை, இரண்டு ஃபைலை ஒப்பிட்டால் போதும். ஒரு குழி உண்டு. அசெர்ட் மேக்ரோ ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் பைனரிக்குள் வைக்கும். ஒரு கமெண்ட் சேர்த்தாலே வரி எண் நகர்ந்து பைனரி மாறிவிடும். ஒப்பிடும்போது மட்டும் அசெர்ட்டை அணைத்துவிடுங்கள், டீபக் தகவலையும் உரித்துவிடுங்கள். ஃபார்மேட் கமிட்களின் எண்ணைப் பிளேம் புறக்கணிக்கும் பட்டியலில் போட்டுவிட்டால் வரலாறும் கெடாது.

இரண்டாவது, ஆறு ஃபைலாகப் பிரித்ததைப் பிரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கம்பைலருக்கு ஒன்றாகவே காட்டுங்கள். ஒரு தாய் ஃபைல், அதில் ஆறு இன்க்ளூட் வரி. எல்லாம் பழையபடி ஸ்டாட்டிக். படிக்கிறவனுக்கு ஆறு, கம்பைலருக்கு ஒன்று. லிங்க் நேர ஆப்டிமைசேஷனை இயக்கினாலும் இன்லைன் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் அது ஃபைல் எல்லையைத் தாண்டிப் பார்ப்பதால், எங்கெல்லாம் மெமரி பேரியர் (வாசிப்பு, எழுத்தின் வரிசையைக் காக்கும் கட்டளை) போட மறந்திருக்கிறீர்களோ, வாலட்டைல் (மாறியை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே எடுக்கச் சொல்லும் சொல்) போடாமல் விட்டிருக்கிறீர்களோ, அதெல்லாம் ஒரே நாளில் வெளியே வரும். அதற்கும் ஒரு நாள் வர வேண்டியதுதான், இன்றைக்கு வேண்டாம்.

மூன்றாவது, மோட்டார்காரருக்குத் தற்காலிக வழி. சிப்பில் பேஸ்பிரை (ஓர் எல்லைக்குக் கீழான இண்டரப்ட்களை மட்டும் மூடும் ரெஜிஸ்டர்) இருந்தால், அவருடைய இண்டரப்ட்டைக் கெர்னல் மூடும் எல்லைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கெர்னல் எவ்வளவு நேரம் மூடினாலும் அது பாதிக்காது. ஆனால் அந்த இண்டரப்ட்டிலிருந்து கெர்னல் ஃபங்ஷன் எதையும் கூப்பிடக் கூடாது, கண்டிப்பாக.

#15 புதுசு_01

நான் ஒன்று சொல்லலாமா? நான் வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கில் சிபியூ எத்தனை சதவீதம் ஓய்வில் இருக்கிறது என்று கணக்குப் போடும் பேட்ச் ஒன்றை இந்த மாதிரி ஒரு கெர்னலுக்கு எழுதினேன். ஒரே ஒரு ஃப்ளோட் வகுத்தல்தான். ஹார்டுஃபால்ட் (சிப்பே நிரலை நிறுத்தும் கடும் பிழை) வந்தது. ஏன் என்று இன்று வரை தெரியவில்லை.

#16 அடுக்குவழிவு

என் பெயரைச் சொல்லித்தான் வந்திருக்கிறது அந்தப் பிழை, ஸ்டாக் நிரம்பி வழிந்திருக்கிறது. எம்4இல் எஃப்பியூ (ஃப்ளோட் கணக்குக்கான பகுதி) உள்ள சிப்பா?

இண்டரப்ட் வந்தால் ஹார்டுவேர் தானாகவே 8 சொல்லை ஸ்டாக்கில் தள்ளும். டாஸ்க் மாற்றும்போது கெர்னல் இன்னொரு 8 ரெஜிஸ்டரைத் தள்ளும். மொத்தம் 16 சொல், 64 பைட். அந்த டாஸ்க் ஒரு முறை ஃப்ளோட்டைத் தொட்டுவிட்டால் போதும், ஹார்டுவேர் தள்ளுவது 8இலிருந்து 26 ஆகிவிடும். கெர்னலும் எஃப்பியூவின் மேல் பாதி ரெஜிஸ்டர் 16ஐக் கூடுதலாகத் தள்ள வேண்டும். 64 பைட் இப்போது 200 பைட். ஐடில் டாஸ்க்குக்கு எவ்வளவு ஸ்டாக் கொடுத்திருந்தீர்கள்?

#17 புதுசு_01

256 பைட். சரி, புரிந்துவிட்டது. கணக்கை முழு எண்ணிலேயே போட்டிருக்கலாம்.

#18 டிக்_எண்ணி

பேச்சு வளர்வதற்குள் இன்னொன்று. மூலக்குறி, போன வருடம் வேறொரு இழையில் முன்னுரிமை எண் வரிசையைத் தலைகீழாக மாற்றப் போவதாகச் சொன்ன ஆள் நீங்கள்தானே? செய்துவிடாதீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பெரிய எண் பெரிய ஆள். திரெட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ்ஸில் பூஜ்யம்தான் ராஜா. செஃபிரிலும் சின்ன எண்தான் மேல், நெகட்டிவ் போனால் கோஆப்பரேட்டிவ், அதாவது தானாக விடும் வரை வேறு டாஸ்க் அதைத் தள்ளாது. சிப்பின் இண்டரப்ட் கண்ட்ரோலருக்கும் சின்ன எண்தான் உயர்வு. எது சரி என்பதில்லை, பழகியதுதான் சரி. வரிசையைத் திருப்பினால் பழைய நிரல் எல்லாம் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகும், தலைகீழாக ஓடும்.

அப்புறம் டிக் கவுண்ட்டர். 32 பிட், ஒரு மில்லிவிநாடி என்றால் 49.7 நாளில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். "இப்போது, கெடுவைவிடப் பெரிதா" என்று நேராக ஒப்பிட்டால் அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, குறியுள்ள எண்ணாகப் பார்க்க வேண்டும். ரீஃபாக்டரில் அந்தக் கழித்தலை யாராவது "எளிமைப்படுத்தி" இருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். லினக்ஸில் இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு: பூட் ஆகி ஐந்து நிமிடத்தில் ஜிஃபீஸ் என்ற அதன் டிக் கவுண்ட்டர் சுற்றும்படி அதன் தொடக்க மதிப்பையே வைத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் ஐம்பது நாள் காத்திருக்க வேண்டாம், ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிடும்.

#19 புதுசு_01

அந்த டெஸ்ட்டை நான் எழுதட்டுமா? கியூஎமுவிலேயே ஓடுமே.

#20 மூலக்குறி

தாராளமாக. கவுண்ட்டரின் தொடக்க மதிப்பு கெர்னலில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கான்ஃபிக் ஆக்கித் தருகிறேன்.

முன்னுரிமை விஷயத்தில், ஆமாம், நான்தான். விட்டுவிட்டேன்.

அந்த 11 போர்ட்டை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

#21 அடுக்குவழிவு

ஆள் இல்லாத போர்ட்டை வைத்திருப்பது பொய் சொல்வதற்குச் சமம். "இந்தச் சிப்புக்கு ஆதரவு உண்டு" என்று ரீட்மீயில் இருக்கும், நம்பி ஒருவன் வருவான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள், அவரிடம் அந்த ஹார்டுவேர் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவற்றை அடுத்த வெளியீட்டில் பராமரிப்பில்லாதவை என்று குறித்து, அதற்கு அடுத்ததில் எடுத்துவிடுங்கள். லினக்ஸே 386 புராசஸரை 3.8இலும், இடானியம் புராசஸரை 6.7இலும் வழியனுப்பிவிட்டது. கிட்டில் எதுவும் செத்துப்போவதில்லை. வேண்டுமென்கிறவர் பழைய டேக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வரட்டும், பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு பராமரிப்பாளரும் தேடுங்கள். ஆனால் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற, தகவலைச் சுருக்கும் நிரல் திட்டத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும்: களைத்துப்போன ஒரு தனி ஆள், உதவுகிறேன் என்று வந்து பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்த இன்னொருவர், கடைசியில் 5.6.0 வெளியீட்டில் பின்வாசல்.

#22 பழைய_பைண்டர்

கடையைச் சாத்தலாமா என்ற கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பெரிய திட்டத்துக்குப் போனால் கவலை போய்விடும் என்று நினைக்க வேண்டாம், கவலையின் முகவரிதான் மாறும். திரெட்எக்ஸ் ஒரு சின்ன நிறுவனத்தில் 1997இல் பிறந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி அஷ்யூர் ஆர்டிஓஎஸ் என்று பெயர் வைத்தது. 2023இல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. நிரல் ஏறக்குறைய அதேதான். ஆவண முகவரி, யாரிடம் புகார் சொல்வது என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருந்தன. நட்எக்ஸ் என்ற இன்னொரு ஆர்டிஓஎஸ் 2007 முதல் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே நின்றது. 2019 கடைசியில் அப்பாச்சி இன்குபேட்டருக்குள் போய், 2022இல்தான் முழுத் திட்டமாக வெளியே வந்தது. நடுவில் ஃபைல் ஃபைலாக உரிமம் மாற்றப் பங்களித்தவர்களின் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. நீங்களும் இப்போதே ஒவ்வொரு ஃபைலும் யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் கிடைக்கும்போதே.

உங்கள் பயனர்களில் புதிதாகத் தொடங்குகிறவர்களை ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கே அனுப்புங்கள், அதில் வெட்கமில்லை. ஏற்கெனவே பொருளை விற்றுவிட்டவர்களுக்காக நீங்கள் இருக்க வேண்டும்.

#23 மூலக்குறி (ஐந்து வாரம் கழித்து)

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன், என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போவது சரியில்லை.

என் பழைய பிரான்ச்சை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இதுவரை 41 கமிட். அதில் 33 பைனரி மாறாதவை, ஒப்பிட்டுச் சரிபார்த்தவை. ஆறு ஃபைல், ஒரு தாய் ஃபைல். உச்ச நேரம் 190இலிருந்து 184 ஆகியிருக்கிறது. ஆறு சைக்கிள் எங்கே போனது என்று தெரியவில்லை, அதனால் கொண்டாடவும் இல்லை. அந்த அளவு இப்போது மேசையில் இருக்கும் நாலு ஹார்டுவேரிலும் ராத்திரி தானாக எடுக்கப்படுகிறது. 200ஐத் தாண்டினால் மெர்ஜ் நிற்கும். இந்த எண்ணை ஆவணத்திலும் போட்டுவிட்டேன். முன்பு அது எங்கேயும் எழுதப்படாமலேயே எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த வாக்குறுதி.

மோட்டார்காரர் சோதனைப் பதிப்பை ஒரு வாரம் ஓட்டினார், உதறல் இல்லை. கடிகாரமும் சரி. "எடுக்காதே" பக்கத்தில் இப்போது ஐந்து வரி கமெண்ட் இருக்கிறது.

மேக்ரோவை ஃபங்ஷன் ஆக்குவதை நிறுத்திவிட்டேன். பெயர் மாற்றமும் உள்ளே மட்டும்தான். வெளி ஏபிஐ பெயர்களில் கை வைக்கவில்லை. பைண்டர் சார் இதற்காவது ஒரு லைக் போடலாம்.

போர்ட்டுகளில் ஐந்துக்கு ஆள் கிடைத்தது. மீதி ஆறும் பராமரிப்பில்லாதவை.

#24 பழைய_பைண்டர்

உள்ளே பெயர் மாற்றியதும் தேவையில்லாத வேலைதான். இருந்தாலும் லைக் போட்டுவிட்டேன்.

#25 புதுசு_01

அண்ணா, சுற்றும் கவுண்ட்டர் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. ரீஃபாக்டரால் இல்லை, பழைய வெளியீட்டிலும் ஃபெயில்தான். சாஃப்ட்வேர் டைமர் லிஸ்ட்டில் முடியும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள் இல்லையா, அங்கே நேரான ஒப்பீடு. கவுண்ட்டர் சுற்றுவதற்கு முன் கடைசி சில விநாடியில் டைமர் தொடங்கினால், அதன் முடியும் நேரம் சின்ன எண்ணாகிவிடுகிறது. அதனால் லிஸ்ட்டின் தலைக்குப் போய் உடனே அடிக்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் இதற்காகவே இரண்டு லிஸ்ட் வைத்து, சுற்றும்போது மாற்றிக்கொள்கிறார்கள் என்று படித்தேன். நான் கழித்தல் முறையில் திருத்தி வைத்திருக்கிறேன், டெஸ்ட்டோடு சேர்த்து ஒரே பேட்சாக அனுப்பட்டுமா?

#26 மூலக்குறி

பதினாலு வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது!

ஒரே பேட்ச் வேண்டாம். முதல் பேட்சில் டெஸ்ட் மட்டும், ஃபெயில் ஆகும் என்று குறித்து அனுப்புங்கள். திருத்தம் அடுத்த பேட்ச்சில் வரட்டும். அனுப்பும் முன் லிஸ்ட்டில் 30 டைமர் இருக்கும்போது உச்ச நேரம் என்ன ஆகிறது என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். உங்களிடம் ஹார்டுவேர் இல்லையென்றால் பிரான்ச் பெயரைச் சொல்லுங்கள், இன்று ராத்திரி இங்கே ஓட்டுகிறேன்.